வீட்டுப் பட்டறையில் கட்டிய விமானம்: எழும்புவதற்கும் பறப்பதற்கும் நடுவில் என்ன இருக்கிறது?

இளைஞர் ஒருவர் பழைய பைக் எஞ்சினை வைத்து வீட்டிலேயே விமானம் செய்தார், பொட்டலில் சில அடி உயரம் எழும்பியது, அதற்குள் அதிகாரிகள் வந்து நிறுத்திவிட்டார்கள். நாட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து இப்படி ஒரு செய்தி அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. அது வாட்ஸ்அப்பில் சுற்றும்போது கூடவே ஒரு கேள்வியும் சுற்றுகிறது: நம் பிள்ளைகள் திறமையைக் காட்டினால் சட்டம் ஏன் குறுக்கே நிற்கிறது? மதுரையில் புதூரிலும் கப்பலூரிலும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. அலுமினியத் தகடு வளைக்கவும் இரும்புக் குழாய் பற்றவைக்கவும் கை தேர்ந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அப்படியிருக்க, இங்கே ஒரு சிறு விமானத்தைக் கட்டிப் பறக்கவிட முடியாதா?

முடியும். ஆனால் அந்த வேலையின் பெரும்பகுதி செய்திப் படங்களில் தெரியாது. ஒவ்வொரு உதிரியும் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தாங்கும், யார் சோதித்தார்கள் என்று நிரூபித்து எழுதிவைப்பதுதான் இதில் நீளமான வேலை. போல்ட்டிலிருந்து பெட்ரோல் வரை எதை எடுத்தாலும் இதே கேள்விதான் வரும்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆளில்லாமல் ரிமோட்டில் பறக்கும் கல்லூரி மாணவர்களின் விமானங்கள் இந்தக் கணக்கில் வராது. அவற்றுக்கு 2021இன் டிரோன் விதிகள் தனியாக உள்ளன. மனிதர் ஏறிப் பறக்கும் வீட்டு விமானங்கள் மூன்று வழிகளில் உருவாகின்றன.

1. கிட் வாங்கிக் கட்டுவது. தகடுகளும் துளைகளும் தொழிற்சாலையிலேயே தயாராக வரும். கட்டுபவர் சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனத்து ஆர்வி வகைகள், ஜெனித் நிறுவனத்து விமானங்கள், தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் எல்லாம் இந்த வகை.

2. வரைபடம் மட்டும் வாங்கி, பொருளை நாமே தேடி வெட்டிக் கட்டுவது. செலவு குறையும், ஆண்டுகள் கூடும்.

3. வடிவமைப்பும் சொந்தமாகச் செய்வது. செய்திகளில் வரும் உள்ளூர் விமானங்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. ஆபத்தும் இதில்தான் அதிகம்.

2022இல் கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராட்சன் இங்கிலாந்தில் நாலு பேர் அமரும் விமானத்தைத் தானே கட்டிக் குடும்பத்தோடு பறந்தார் என்ற செய்தி பரவலாக வந்தது. உண்மைதான். ஆனால் அது ஸ்லிங் கிட். வடிவமைப்பு ஏற்கெனவே சோதிக்கப்பட்டது. பிரிட்டனில் வீட்டு விமானம் கட்டுவோருக்குக் கட்டம் கட்டமாக வந்து பார்த்துக் கையெழுத்திடும் ஆய்வாளர் ஏற்பாடும் உண்டு. அந்தச் செய்தியையும் பைக் எஞ்சின் செய்தியையும் ஒரே தட்டில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு எளிய விதி இருக்கிறது. விமானத்தின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ சொந்தக் கையால் செய்திருந்தால் அது வீட்டு விமானமாகப் பதிவாகும். அங்கே 1953இல் தொடங்கிய, வீட்டு விமானம் கட்டுவோரின் இஏஏ சங்கம் இதைப் பெரிய இயக்கமாகவே வளர்த்தது. நமக்கும் இந்த வரலாறு அந்நியமல்ல. 1910இல் மதராசில் ஹோட்டல் நடத்திவந்த தாஞ்செலிஸ் என்பவர் சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் ஒரு விமானத்தைச் செய்யவைத்துப் பறந்து காட்டினார். 1987இல் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம் பறக்கவிட்ட கனார்டு (மூக்குப் பக்கம் சிறு இறக்கை கொண்ட) ஆய்வு விமானம், அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ருட்டான் வீட்டில் கட்டுவோருக்காக வரைந்த லாங் ஈசியை அடிப்படையாகக் கொண்டது. பிறகு வந்த ஹன்சா பயிற்சி விமானத்துக்கான அனுபவத்தில் அதற்கும் பங்கு உண்டு.

சில அடி எழும்பினால் பறந்ததாகுமா?

ஆகாது. காணொளி பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

இறக்கை காற்றைக் கீழே தள்ளித்தான் விமானத்தைத் தாங்குகிறது. அதற்கு விலையாக ஒரு பின்னிழுப்பு வரும். தரைக்கு மிக அருகில் இருக்கும்போது தரையே அந்தக் காற்றோட்டத்தைத் தடுப்பதால் இந்தப் பின்னிழுப்பு குறைகிறது. இறக்கை முனையிலிருந்து முனைவரை 9 மீட்டர் என்று வையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது ஏறக்குறைய மூன்று அடியில், இந்த வகைப் பின்னிழுப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அதனால் பலம் போதாத எஞ்சின்கூட விமானத்தைத் தரையிலிருந்து பிரித்துவிடும். இன்னும் கொஞ்சம் மேலே போனதும் முழுப் பின்னிழுப்பும் திரும்பி வரும். அப்போது எஞ்சினால் இழுக்க முடியாது. விமானி மூக்கை இன்னும் தூக்குவார், வேகம் மேலும் குறையும், ஒரு கட்டத்தில் இறக்கை தாங்குவதையே விட்டுவிடும். இந்த நிலைக்கு ஸ்டால் என்று பெயர். மூன்று அடியில் ஸ்டால் ஆனால் சக்கரம் உடையும். நூறு அடியில் ஆனால் ஆள் பிழைப்பது கடினம்.

சரி, எஞ்சின் பலம் போதும் என்றே வைத்துக்கொள்வோம். வடிவமைப்பிலேயே ஒரு பொறி ஒளிந்திருக்கலாம். 1930களில் பிரான்சின் ஆன்றி மின்யே 'வானப் பேன்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு குட்டி விமானத்தை வரைந்தார். மரமும் துணியும் வைத்து யாரும் கட்டலாம், யாரும் ஓட்டலாம் என்றார். ஆயிரக்கணக்கானோர் ஆர்வத்தோடு இறங்கினார்கள். அடுத்தடுத்து விபத்துகள், எல்லாம் ஒரே மாதிரி: விமானம் குத்தாகக் கீழே பாய்ந்து, எழாமலே தரையில் மோதியது. பிறகு காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோதுதான் காரணம் தெரிந்தது. முன்னும் பின்னுமாக இருந்த இரண்டு இறக்கைகளுக்கு இடையே பாயும் காற்று, மூக்கு ஒரு கோணத்துக்குக் கீழே போனதும் பின் இறக்கையின் தூக்கலைக் கூட்டி, மூக்கை மேலும் கீழே அழுத்தியது. மூக்கைத் தூக்க விமானி கட்டுப்பாட்டு ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. சாதாரணப் பறத்தலில் அந்தக் குறை தெரியவே தெரியாது. நல்ல மனிதர், நல்ல கைவேலை, பல மணி நேரம் பறந்த விமானம். இத்தனையும் இருந்தும் நடந்தது அது. மூன்றாவது வழியில் போக நினைப்பவர்கள் இந்த வரலாற்றை முதலில் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எவ்வளவு தாங்க வேண்டும்?

விமானம் வளைந்து திரும்பும்போதும் காற்று உலுக்கும்போதும் இறக்கை விமானத்தின் எடையைப் போல் பல மடங்கைச் சுமக்கிறது. சாதாரண வகைச் சிறு விமானத்துக்கு 3.8 மடங்கு, கொஞ்சம் முரட்டுப் பயன்பாட்டுக்கு 4.4 மடங்கு என்று வடிவமைப்பு எல்லை வைப்பார்கள். அதற்கு மேல் இன்னொரு 1.5 மடங்கு பாதுகாப்பு. மொத்த எடை 450 கிலோ, எல்லை 4 மடங்கு என்றால் 450 × 4 × 1.5 = 2,700 கிலோ. இறக்கைகளைத் தலைகீழாகப் பொருத்தி, மேலே 50 கிலோ மணல் மூட்டை 54 அடுக்கியும் முறியாமல் நிற்க வேண்டும் என்று தோராயமாகப் புரிந்துகொள்ளலாம். உண்மையிலேயே இப்படித்தான் மணல் மூட்டை வைத்துச் சோதிக்கிறார்கள்.

இதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கனமாகப் போட்டுவிடலாம் என்று தோன்றும். பட்டறை அனுபவம் உள்ளவர்கள் செய்யும் முதல் தவறு அதுதான். கனம் கூடினால் ஸ்டால் ஆகும் வேகமும் கூடும், தரையிறங்கும் வேகமும் கூடும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 75 கிலோமீட்டரில் இறங்குவதற்கும் 100இல் இறங்குவதற்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் ஏறக்குறைய 1.8 மடங்கு. மதுரையைச் சுற்றி எஞ்சின் நின்றால் இறங்கக் கிடைப்பது வயல், வறண்ட கண்மாய், கோடையில் வைகையின் மணல். நடுவே தென்னந்தோப்பும் மின்கம்பியும். அங்கே மெதுவாக இறங்க முடிகிறதா என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கும்.

போல்ட்டும் ரிவிட்டும்

அலுமினிய விமானத்தின் உடல் 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் தகடுதான். பாத்திரக்கடைத் தகடு இதற்கு உதவாது. 2024-டி3, 6061-டி6 என்று எண்ணிட்ட கலவைகள் வேண்டும். முன்னது செம்பு கலந்தது, வலிமையானது, ஆனால் அரிப்புக்கு எளிதில் இரையாகும். அதனால் மேலே சுத்த அலுமினியப் பூச்சோடு வரும். எண்ணுக்குப் பின்னால் வரும் டி3, டி6 என்பது சூடுபடுத்திப் பதப்படுத்திய முறை. அதே தகட்டை யாராவது பற்றவைத்தாலோ சூடாக்கி வளைத்தாலோ அந்தப் பதம் போய்விடும். கண்ணால் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. தகட்டோடு வரும் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம்.

இரண்டு பேர் விமானத்தில் ரிவிட் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புக்கு ரிவிட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு இடமாவது வேண்டும். 3.2 மில்லிமீட்டர் ரிவிட்டுக்கு 6.4. அடித்து முடித்த பின்பக்கத் தலை விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும், பாதி உயரமும் இருக்க வேண்டும். துளை போட்டபின் விளிம்பில் நிற்கும் பிசிறை எடுக்காமல் விட்டால், அங்கிருந்துதான் சில நூறு மணி நேரம் கழித்து விரிசல் ஓடும்.

போல்ட் விஷயத்தில் பலருக்கும் வரும் சந்தேகம் நியாயமானது. "ஹார்டுவேர் கடையில் 8.8 வலிமைத் தர போல்ட் கிடைக்கிறதே, 12.9கூடக் கிடைக்கிறதே, விமான போல்ட் ஏன் அத்தனை விலை?" இழுவிசை எண்ணை மட்டும் பார்த்தால் கேள்வி சரி. ஏஎன் என்ற தரக்குறி கொண்ட விமான போல்ட்டின் இழுவிசை சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு, 8.8 போல்ட் அதற்குப் பக்கத்தில் வருகிறது, 12.9 அதைத் தாண்டுகிறது. வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது.

1. கடினம் கூடக் கூட வளையும் தன்மை குறையும். விமான போல்ட் ஒடிவதற்கு முன் வளைந்து காட்டும். மிகக் கடினமான போல்ட் முன்னறிவிப்பு இல்லாமல் ஒடியும். முலாம் பூசும்போது உள்ளே புகும் ஹைட்ரஜனாலும் அப்படிப்பட்ட எஃகு நொறுங்கும்.

2. மரையில்லாத தண்டுப் பகுதியின் நீளம். விமான போல்ட்டில் இது நுணுக்கமான படிகளில் கிடைக்கும். துளைக்குள் மரை வந்து உட்கார்ந்தால், அதன் ஒவ்வொரு வெட்டும் துளையை அறுக்கும். சுமையும் ஒழுங்காகப் பரவாது.

3. முறுக்கு அளவு. 4.8 மில்லிமீட்டர் விமான போல்ட்டுக்கு 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர்தான். ஸ்பானரைக் கையில் எடுத்த பழக்கத்தில் இறுக்கினால் இது சுலபமாகத் தாண்டிவிடும். முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது. இறுக்கியதும் நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயிண்டில் ஒரு கோடு போடுவார்கள். பின்னாளில் கோடு விலகியிருந்தால் நட்டு கழன்றிருக்கிறது என்று பார்த்ததும் தெரியும்.

4. சுழலும் மூட்டுகளில் நைலான் வளையம் வைத்த நட்டு மட்டும் போதாது. கிரீடம்போல் வெட்டுள்ள முடி நட்டும், அது கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின்னும் போட வேண்டும். எஞ்சின் அருகே, 120 டிகிரியைத் தாண்டும் இடங்களில், நைலான் நட்டே கூடாது.

நல்ல போல்ட் கடையில் கிடைக்காது என்பதல்ல பிரச்சினை. பெட்டியிலிருந்து கையில் அள்ளிய போல்ட் எந்த ஆலையில், எந்தச் சோதனைக்குப் பிறகு வந்தது என்று சொல்ல யாருமில்லை. இறக்கையை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். அவற்றில் ஒன்று பொய்யாக இருந்தாலும் மீதி எல்லாம் வீண்.

மதுரை வெயில் செய்யும் வேலை

கண்ணாடி இழையும் எபாக்சியும் வைத்துக் கட்டும் விமானங்களுக்கு நம் வெயில் இரண்டு விதமாகக் குறுக்கிடும். கலக்கிய எபாக்சி கையில் நிற்கும் நேரம், வெப்பம் 10 டிகிரி ஏறினால் சுமார் பாதியாகும். சித்திரை மாதத்தில் கலவை இழையில் ஊறுவதற்குள் கெட்டியாகிவிடும். அதிகாலையில் வேலை செய்ய வேண்டும், அல்லது ஏசி வைத்த அறை வேண்டும். இரண்டாவது, அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சி பொதுவாக 70, 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். நிறுத்திவைத்த விமானத்தில் அடர் நிறம் பூசியிருந்தால் மேல்தோல் அந்த அளவைத் தாண்டிவிடும். அதனால்தான் இவ்வகை விமானங்கள் பெரும்பாலும் வெள்ளை. நீலமோ கறுப்போ அழகுக்காக அடிக்கக் கூடாது.

பறக்கும்போது வெயில் வேறு விதமாக வரும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர்தான். ஆனால் 40 டிகிரி வெயிலில் விமானத்துக்கு அது 1,100 மீட்டர் உயரம்போல் தெரியும்; கொடைக்கானல் மலையில் பாதி ஏறிய கணக்கு. நூறு குதிரைத்திறன் எஞ்சின் 90க்குக் கொஞ்சம் கீழே இறங்கும். இறக்கையும் புரொப்பெல்லரும்கூட அதே மெலிந்த காற்றில்தான் வேலை செய்ய வேண்டும். ஓட வேண்டிய தூரம் கால் பங்குக்கு மேல் கூடும். மார்கழிக் காலையில் ஒழுங்காக ஏறிய விமானம், பங்குனி மத்தியானத்தில் அதே சுமையோடு மரத்தைத் தாண்டாமல் போகலாம்.

எஞ்சினும் பங்க் பெட்ரோலும்

சிறு விமானங்களில் அதிகம் காணப்படுவது ஆஸ்திரிய நிறுவனமான ரோட்டாக்ஸின் 912 வரிசை. 80, 100 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 5,800 சுற்றில் ஐந்து நிமிடம் ஓடும், 5,500இல் தொடர்ச்சியாக. கியர்பாக்ஸ் அதைப் புரொப்பெல்லருக்கு ஏற்றபடி குறைக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், இரண்டு தனித்தனி இக்னிஷன் சுற்று. ஒன்று போனாலும் எஞ்சின் நிற்காது. பைக் எஞ்சினில் பொதுவாக இது கிடையாது. அதோடு, பைக் எஞ்சின் சாலையில் முழு பலத்தில் ஓடுவது சில நொடிகள்தான். விமான எஞ்சின் ஏறும்போது நிமிடக்கணக்கில் முழு பலத்தில் ஓட வேண்டும்.

இப்போது வாகனம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பேசும் விஷயத்துக்கு வருவோம். நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோல் 20 சதவீத எத்தனால் கலந்த இ20. ரோட்டாக்ஸ் 912க்கு நிறுவனம் ஒப்புக்கொள்வது 10 சதவீதம் வரைதான். கார் சில கிலோமீட்டர் மைலேஜ் குறைந்தாலும் ஓடும், நின்றால் ஓரம் கட்டலாம். ஆகாயத்தில் ஓரம் கிடையாது. எத்தனால் மூன்று வகையில் தொல்லை தரும்:

1. காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஒரு அளவுக்கு மேல் நீர் சேர்ந்து குளிர்ந்தால், நீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எஞ்சினுக்குக் குழாய் எடுப்பதும் அடியிலிருந்துதான்.

2. சில வகை ரப்பர், பசை, எபாக்சித் தொட்டிப் பூச்சு ஆகியவற்றைக் கரைக்கும் அல்லது உப்பவைக்கும். கரைந்த துகள் வடிகட்டியை அடைக்கும்.

3. ஆற்றல் குறைவு. ஒரே தூரத்துக்கு அதிக எரிபொருள் சுமக்க வேண்டும்.

எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி நீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி நிற்கவிட வேண்டும். எத்தனால் நீரோடு சேர்ந்துகொள்ளும். அடியில் நிற்கும் நீர் 10 மில்லியிலிருந்து எவ்வளவு ஏறியதோ, எத்தனாலின் தோராய அளவு அதிலிருந்து தெரியும். இதே வழியில் நீர் ஊற்றி எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டு மீதிப் பெட்ரோலைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. ஆக்டேன் எண்ணை உயர்த்தித் தந்ததே அந்த எத்தனால்தான். அதை எடுத்தால் எஞ்சின் தட்டத் தொடங்கும்.

நம்பகமான மாற்று, அவ்காஸ் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல். முன்பு முழுக்க இறக்குமதி. 2022இல் இந்தியன் ஆயில் தன் வடோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து அறிமுகப்படுத்தியது. அதில் ஈயம் இருப்பதால் ரோட்டாக்ஸில் எண்ணெய் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். வேலை கூடும். ஆனாலும் என்ன ஊற்றுகிறோம் என்பது உறுதியாகத் தெரியும்.

கோடையில் எஞ்சின் மூடிக்குள் குழாய் சூடேறி, பெட்ரோல் குமிழ்விட்டு ஓட்டம் தடைபடுவதும் நம் ஊருக்கே உரிய கவலை. குழாய்க்கு வெப்ப உறை போட வேண்டும், மிகுதிப் பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பும் குழாயும் வைக்க வேண்டும். இதற்கு நேர்மாறான ஒன்று ஐப்பசி மழைக்காலத்தில் வரும். வெளியே 25 டிகிரி இருக்கும்போதும் கார்புரேட்டரின் குறுகிய பகுதியில் காற்று வெகுவாகக் குளிர்ந்து, ஈரம் பனிக்கட்டியாகி எஞ்சினை மூச்சடைக்க வைக்கும். மதுரையில் எங்கே பனிக்கட்டி என்று நினைத்து வெப்பக் காற்று ஏற்பாட்டை விட்டுவிடக் கூடாது.

கருவிகளும் மின்சாரமும்

பகலில், கண்ணால் பார்த்துப் பறக்கக் கட்டாயம் வேண்டியவை கொஞ்சம்தான்: வேகமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி, விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் குண்டு; எஞ்சினுக்குச் சுற்று எண்ணிக்கை, எண்ணெய் அழுத்தம், எண்ணெய் வெப்பம், சிலிண்டர் வெப்பம், எரிபொருள் அளவு. டைனான், கார்மின் போன்ற நிறுவனங்களின் வண்ணத் திரைகள் இத்தனையையும் ஒரே இடத்தில் காட்டும். ஆனால் திரை அணைந்தாலும் வேகம் தெரிய வேண்டும். தனியாக ஒரு முள் வேகமானி வைப்பது மலிவான காப்பீடு.

எத்தனை கருவி வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதற்கு மின்சாரம் எல்லை போடுகிறது. ரோட்டாக்ஸ் 912இன் உள் ஜெனரேட்டர் தருவது சுமார் 250 வாட், அதாவது 18 ஆம்பியர் அளவு. திரைக்கு 3, ரேடியோவில் பேசும்போது 2 அல்லது 3, ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டருக்கு 1 அல்லது 2, எரிபொருள் பம்புக்கு 2, மின்னும் விளக்குகளுக்கு 2 அல்லது 3 என்று போட்டாலே பாதியைத் தாண்டிவிடும். பேட்டரியும் சார்ஜ் ஆக வேண்டும்.

ஒயரிங்கில் வீட்டு எலக்ட்ரீஷியன் பழக்கம் ஒத்துவராது. ஒற்றைக் கம்பி அதிர்வில் ஒடியும். பல இழைக் கம்பிதான் வேண்டும். பிவிசி உறை எரிந்தால் நச்சுப் புகை அந்தச் சின்ன அறையை நிரப்பும். 150 டிகிரி தாங்கும் டெஃப்சல் உறைக் கம்பியே சரி. பியூஸ் கருவியைக் காப்பதற்கல்ல, கம்பியைக் காப்பதற்கு: 22 கேஜ் கம்பிக்கு 5 ஆம்பியர், 18 கேஜுக்கு 10.

கடைசியாக எடை மையம், அதாவது விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளி. மூன்று சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து அளப்பார்கள். மூக்குச் சக்கரம் 60 கிலோ, தூரம் அளக்கத் தொடங்கும் குறிப்புக் கோட்டிலிருந்து 0.5 மீட்டரில், பின் சக்கரங்கள் இரண்டும் 120, 120 கிலோ, 2.1 மீட்டரில் என்று வையுங்கள். 60 × 0.5 = 30; 240 × 2.1 = 504; மொத்தம் 534. அதை 300ஆல் வகுத்தால் மையம் 1.78 மீட்டரில். இப்போது இருக்கைக்குப் பின்னால் 3 மீட்டரில் 20 கிலோ சாமான் வைத்தால், 594ஐ 320ஆல் வகுக்க வேண்டும்: 1.856. மையம் ஏழரை சென்டிமீட்டர் பின்னே போய்விட்டது. இப்படிப்பட்ட விமானங்களில் அனுமதிக்கும் மொத்த நகர்வே 15, 20 சென்டிமீட்டர் வாக்கில்தான். மையம் எல்லைக்குப் பின்னே போனால் ஸ்டாலிலிருந்து மூக்கைக் கீழே கொண்டுவரவே முடியாமல் போகலாம்.

சட்டம் என்ன கேட்கிறது?

1934இன் விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம், 2024 நடைமுறைக்கு வந்திருக்கிறது. பொறுப்பு அமைப்பு டிஜிசிஏ என்ற விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். ஒருவர் கடக்க வேண்டியவை:

1. பிரிவு. இரண்டு பேருக்கு மேற்படாத, 450 கிலோவரையிலான சிறு விமானங்கள் மைக்ரோலைட். 600 கிலோவரை இலகு விளையாட்டு விமானம். வீட்டில் கட்டியது எதில் வரும் என்பதை முதல் தகட்டை வெட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டி முடித்து மூடிய இறக்கைக்குள் எந்த ஆய்வாளராலும் பார்க்க முடியாது.

2. பதிவு. இந்திய விமானங்களுக்கு 'விடி' என்று தொடங்கும் எழுத்துகள். பதிவில்லாமல் பறப்பது குற்றம்.

3. பறப்பதற்கான தகுதிச் சான்று அல்லது அனுமதி.

4. விமானிக்கு உரிமம். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் குறைந்தது 40 மணி நேரப் பறத்தலும் மருத்துவத் தகுதியும் வேண்டும்.

5. ரேடியோவுக்குத் தனி உரிமம்.

6. இடம். மதுரை விமான நிலையத்தைச் சுற்றிய வான்வெளி கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கையில் இருக்கிறது. அவனியாபுரம் பக்கமோ வண்டியூர் பக்கமோ பொட்டல் கிடைத்தது என்று எழும்ப முடியாது. தென் மாவட்டங்களில் செட்டிநாடு, கயத்தாறு போன்ற இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளங்கள் இருந்தாலும் அவற்றுக்கும் உரியவர்களின் அனுமதி தேவை.

இந்த வழி எவ்வளவு நீளம் என்பதற்கு மும்பை விமானி அமோல் யாதவ் சாட்சி. காந்திவலியில் அடுக்குமாடிக் கட்டட மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைச் சொந்தமாக வடிவமைத்துக் கட்டினார். 2016 பிப்ரவரியில் அது மும்பைக் கண்காட்சியில் நின்றது. பதிவு கிடைத்தது 2017 நவம்பரில். பறக்க அனுமதி 2019இல். இந்தத் தாமதத்தில் ஒரு பகுதி தேவையான ஆய்வு. இன்னொரு பகுதி, தனிமனிதர் கட்டும் விமானத்தை எப்படி ஆராய்வது என்பதில் நம்மிடம் பழக்கம் இல்லாதது. பிரிட்டனைப் போல ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் இருந்தால், திறமையுள்ள பிள்ளைகள் தொடக்கத்திலேயே சரியான கையில் சேர்வார்கள். தடை போடும் அதிகாரியைத் திட்டுவதைவிட இதைக் கேட்பதுதான் நியாயமான கோரிக்கை.

முதல் பறத்தலும் அதற்குப் பிறகும்

அமெரிக்காவில் வீட்டு விமானம் பொதுவாக முதல் 40 மணி நேரம் குறித்த பகுதிக்குள் சோதனையாகப் பறக்க வேண்டும். சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் சேர்ந்திருந்தால் 25. வேடிக்கைக்காக யாரையும் ஏற்றக் கூடாது. அங்கே போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டு விமான விபத்துகளில் முன்னால் நிற்பவை எஞ்சின் கோளாறும் வானில் கட்டுப்பாடு இழப்பதும் என்று காட்டியது. இரண்டுமே தொடக்க மணி நேரங்களில் அதிகம். எனவே முதல் பறத்தலுக்கு முன் மூக்கைத் தூக்கி நிறுத்தி, ஏறும் கோணத்திலேயே எரிபொருள் ஓட்டத்தை அளந்து பார்ப்பார்கள். முழு பலத்தில் எஞ்சின் குடிப்பதைவிட ஒன்றேகால் அல்லது ஒன்றரை மடங்கு வர வேண்டும்.

மதுரையில் இதற்கு ஏற்ற காலம் தை, மாசிக் காலைப்பொழுது. ஆடி மேல்காற்றில் புது விமானத்தைத் தொடக் கூடாது. ஓடுதளம் கிழக்கு மேற்காக இருப்பதால் அந்தக் காற்று நேராக வரும் என்பது உண்மைதான், ஆனாலும் அதன் வேகம் ஒரே சீராக நிற்பதில்லை.

அப்புறம் ஆண்டுதோறும் மூடிகளைத் திறந்து முழு ஆய்வு, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பதிவேடு. ரோட்டாக்ஸ் எஞ்சினின் ரப்பர் குழாய்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், விமானம் ஒரு மணி நேரம்கூடப் பறக்காமல் கொட்டகையிலேயே நின்றிருந்தாலும்.